சம்பந்தி கண்டுபிடித்த குளவி

எனக்கும் என் சம்பந்திக்கும் பேச்சுவார்த்தை உண்டு. அதுதான் தொல்லை. பேச்சை நிறுத்திக்கொண்ட சம்பந்திகள் எத்தனையோ பேர் நிம்மதியாக இருக்கிறார்கள். நாங்கள் இருவரும் ஒரே தொழில், ஒரே பூச்சி. அவர் ஓர் ஊர் ஆராய்ச்சி நிலையத்தில் குளவிகளைப் பார்க்கிறார், நான் இன்னோர் ஊரில் பார்க்கிறேன். அவர் மகனைக் கட்டிக்கொள்ளப் போவதாக என் மகள் வந்து சொன்ன அன்று, "உலகத்துல வேற ஆம்பளையே இல்லையா?" என்று கேட்டேன். அங்கே அவரும் தன் மகனிடம் ஏறக்குறைய இதையே கேட்டிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. கல்யாணப் படத்தில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறோம். இரண்டு பேர் முகத்திலும் பல்வலி.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு குளவியைப் புது இனம் என்று பெயர் வைத்து வெளியிட்டேன். அது புதிது இல்லை, தான் முன்பே பெயர் வைத்ததுதான் என்று அவர் ஓர் அடிக்குறிப்பில் எழுதினார். அடிக்குறிப்பில். தனியாகக் கட்டுரை எழுதி மறுக்கக்கூடத் தகுதியில்லாத இனமாம். எங்கள் தொழிலில் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும், பிந்திய பெயர் அதற்குள் அமுங்கிப்போகும். என்னுடையது அமுங்கியது. நான் சும்மா இருப்பேனா? அவர் பெயர் வைத்தவற்றைத் தோண்டித் துருவி, மூன்றை அமுக்கினேன். அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துத் தொலைத்தார்கள்.

நாங்கள் பார்க்கும் குளவிகள் கூடு கட்டி மனிதரைக் கொட்டுகிறவை அல்ல. ஒட்டுண்ணிகள். கம்பளிப்புழு மாதிரி ஒன்றைத் தேடிப் பிடித்து, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசியால் அதன் உடம்புக்குள் முட்டையிடும். பொரிந்து வரும் குஞ்சு உள்ளேயிருந்தே தின்று வளர்ந்து, புழுவை வெறும் தோலாக்கிவிட்டு வெளியே வரும். இதைச் சொன்னதும் சம்பந்தி உறவோடு சேர்த்து யாராவது ஒரு ஜோக் சொல்வார்கள். சிரமப்பட வேண்டாம், எல்லா ஜோக்கையும் நானே சொல்லித் தீர்த்துவிட்டேன்.

இவற்றில் இரண்டு பெரிய குடும்பங்கள். ஒன்று இக்னியூமன், மற்றது பிராக்கன். பார்வைக்கு அக்கா தங்கைதான். மெல்லிய இடுப்பு, நீண்ட உணர்கொம்பு, கண்ணாடிச் சிறகு. பிரித்துச் சொல்ல முன்சிறகைப் பார்க்க வேண்டும். சிறகின் நடுவில் பின்னோக்கி ஓடும் நரம்பு இக்னியூமனுக்கு இரண்டு, பிராக்கனுக்கு ஒன்றுதான். அப்புறம் வயிற்றின் மேல்பக்கம். இரண்டாவது பட்டையும் மூன்றாவது பட்டையும் பிராக்கனில் ஒன்றோடொன்று இறுகியிருக்கும், இக்னியூமனில் தனித்தனியாக மடங்கும். பிராக்கன்களில் ஒரு கிளைக்கு மட்டும் வாய்க்கு மேலே வட்டமாக ஒரு குழி உண்டு, விளக்கை ஊதி அணைக்க வாயைக் குவித்த மாதிரி. இக்னியூமனுக்கு அந்தக் குழியை நான் பார்த்ததில்லை. இதெல்லாம் தெரியாமலேயே நீங்கள் சுகமாக வாழலாம், ஆனால் என் மகள் வீட்டில் நடந்தது புரியாது.

ஒரு பத்திரிகை ஆசிரியர் கட்டுரை ஒன்றை அனுப்பி, வெளியிடலாமா என்று என் கருத்தைக் கேட்டார். எழுதியவர் சம்பந்தி. நான் யோக்கியமாக, இவர் என் மகளின் மாமனார், நான் தீர்ப்புச் சொல்வது சரியில்லை என்று பதில் போட்டேன். இந்தக் குளவிகளைப் பார்க்கிறவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர், மற்றவர்களோடெல்லாம் அவர் சண்டை போட்டுத் தீர்த்துவிட்டார், நீங்களே பாருங்கள் என்று ஆசிரியர் எழுதிவிட்டார். எனக்கு உள்ளூர இனித்தது. அதை மறைக்கப் போவதில்லை.

கட்டுரையில் இருந்தது ஒரே ஒரு பெண் குளவி. சிறகில் இரண்டு நரம்பு, வயிற்றுப் பட்டைகள் தனித்தனி. சந்தேகமில்லாமல் இக்னியூமன். ஆனால் முகத்தில், வாய்க்கு மேலே, பிராக்கனின் வட்டக் குழி. இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் பாலமாக நிற்கும் உயிர் இது என்று சம்பந்தி முழங்கியிருந்தார். அதற்காகப் புதுப் பேரினம் போதாதென்று புதுத் துணைக்குடும்பமே தொடங்கியிருந்தார். இனத்துக்கு மகன் பெயரை வைத்திருந்தார். அவன்தான் ஆயிரம் பூச்சிகளுக்கு நடுவில் இதன் வித்தியாசத்தைக் கவனித்து, தனியே எடுத்து வைத்தானாம். பாசம் பொங்கி வழிகிறது என்று ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முகம் இருந்தது. சிறகு, இடுப்பு, ஊசி எல்லாம் இருந்தன. ஒரு படத்தில்கூடக் கழுத்து இல்லை. உடம்பு முழுக்க நெருக்கமான குழிப்புள்ளிகள், பளபளப்பே கிடையாது. தலையோ எண்ணெய் தடவித் துடைத்த மாதிரி மின்னியது. உணர்கொம்புகளுக்கு நடுவில் மெல்லிய தகடு ஒன்று கொம்பாக நிமிர்ந்து நின்றது. அப்படி ஒன்றை நான் எந்தக் குளவியிலும் கண்டதில்லை. அந்த உடம்புக்கு அந்தத் தலை கொஞ்சம் சின்னதாகவும் பட்டது.

காய்ந்த குளவியின் கழுத்து நூலைவிட மெல்லியது. பெட்டி கைதவறினால் தலை விழும். பூச்சிப்பேன் புகுந்து அரித்தாலும் விழும். விழுந்த தலையை உடம்பில் திரும்ப ஒட்டக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். குளவி ஒட்டியிருக்கும் முக்கோண அட்டையிலேயே பக்கத்தில் ஒட்டி, தலை விழுந்தது என்று சீட்டில் எழுத வேண்டும். ஏனென்றால் அந்தப் பெட்டிக்குள் ஒரு தலைதான் விழுந்தது என்று யார் உத்தரவாதம் கொடுப்பது?

பூச்சியை அனுப்பச் சொல்லி ஆசிரியர் மூலம் கேட்டேன். ஒரே பூச்சி, தபாலில் அனுப்ப முடியாது, பார்க்க விரும்புகிறவர் நேரில் வரலாம், மகள் வீட்டுக்கு வழி தெரியும்தானே என்று சம்பந்தியிடமிருந்து நேரடியாகவே பதில் வந்தது. கருத்துச் சொல்கிறவர் பெயரை ஆசிரியர்கள் வெளியே விடுவதில்லை, ஆனாலும் யாரென்று கண்டுபிடித்துவிட்டார். எந்த மூக்கு எங்கே நுழையும் என்று அவருக்குத் தெரியாதா?

வருகிறேன் என்று மகளுக்குப் போன் செய்தேன். அவள் சந்தோஷப்படவில்லை.

"அம்மா, இந்த ஒரு தடவை மேலோட்டமா பாத்துட்டு விட்டுடேன்."

"உன் மாமனார் சொல்லச் சொன்னாரா?"

"மாமாவுக்கு நான் பேசறதே தெரியாது."

"பின்ன உனக்கு எதுக்கு இந்த வேலை?"

"இந்த வீட்டுல இப்பதாம்மா கொஞ்சம் சிரிப்புச் சத்தம் கேக்குது. அதைக் கெடுத்துடாத."

கட்டுரை வரப்போகிற மிதப்பில் மனுஷன் சிரிக்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். சிரிக்கட்டும், நான் வருகிறேன் என்று கறுவிக்கொண்டே பெட்டி கட்டினேன்.

அது இரண்டு மாடி வீடு. கீழே மகளும் மாப்பிள்ளையும். மாடியில் மனைவியை இழந்த சம்பந்தியும் அவருடைய பூச்சிப் பெட்டிகளும். நிலையத்துக்குச் சொந்தமான பூச்சிகளை வீட்டில் கொண்டுவந்து வைப்பதே தப்பு. கேட்டால், அங்கே யாருக்கு இதன் அருமை தெரியும் என்பார். மாப்பிள்ளை அதே நிலையத்தில் குளவிகளை அட்டையில் ஒட்டுகிற வேலை பார்க்கிறான். படிப்பைப் பாதியில் விட்டவன். கல்யாணப் பேச்சின்போதே அவர் என்னிடம், "இவனுக்கு ஒட்டத்தான் வரும், யோசிக்க வராது" என்றார், அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. அவன் அன்று சிரித்து மழுப்பினான். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்கு அவனைப் பிடிக்காமல் போயிற்று. முதுகெலும்பில்லாதவன் என்று நினைத்தேன்.

இந்த முறை சாப்பாட்டு மேசையில் சம்பந்தியின் ராகமே வேறாக இருந்தது.

"படிச்சவன் ஆயிரம் பேர் இருக்கான் சம்பந்தியம்மா. கண்ணு இருக்கிறவன் யாரு? என் பையனுக்கு இருக்கு."

மாப்பிள்ளை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். என் மகள் அவன் தட்டில் இன்னொரு கரண்டி பரிமாறினாள். அவன் முன்பு போட்டதையே தொடவில்லை. கூச்சம் என்று நினைத்தேன்.

"கண்ணு இருக்குன்னா கழுத்தையும் பாத்திருக்கணுமே" என்றேன்.

"எந்தக் கழுத்தை?"

"சாப்பிட்டு மேல போவோம் சம்பந்தி. பதினாறு படம் போட்டிருக்கீங்க, கழுத்துக்கு மட்டும் ஃபிலிம் தீந்துபோச்சா?"

அவர் காது சிவந்தது. மகள் என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர் குடித்தேன்.

மாடி அறையில் நாப்தலின் நெடி கண்ணைக் கரித்தது. ஜன்னல் ஓரம் மைக்ராஸ்கோப். அவர் பெட்டியைத் திறந்து, ஊசியில் குத்திய அட்டையைத் தன் கையாலேயே எடுத்து வைத்தார். என்னைத் தொட விடவில்லை. நான் குனிந்து பார்த்தேன். பக்கவாட்டில் திருப்பச் சொன்னேன். கழுத்தைச் சுற்றி மெல்லிய வளையம் ஒன்று, காய்ந்த கஞ்சித் திட்டு மாதிரி, வெளிச்சத்தில் மின்னியது.

"பசை" என்றேன்.

"பசை இல்ல. பூச்சியோட உடம்புல ஊறி வர்ற பிசின்."

"பிசின் கழுத்தைச் சுத்தி மோதிரம் போடுமா?"

"உங்களுக்கு நான் ஜெயிச்சா தாங்காது. அப்பவும் தாங்கல, இப்பவும் தாங்கல."

"நீங்க ஜெயிச்சா நான் ஏன் அழப்போறேன்? நீங்க ஜெயிச்சு நான் பாத்ததே இல்லையே."

இப்படியே கொஞ்ச நேரம் போயிற்று. வயசுக்கு மரியாதை இல்லை என்றார். இருக்கிற வயசுக்கு மரியாதையாக நடந்துகொள்ளுங்கள் என்றேன். மகளைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். அதற்குள் போகாதீர்கள் என்று விரலை நீட்டிவிட்டேன். கீழே கேட்டிருக்க வேண்டும், மகளும் மாப்பிள்ளையும் மேலே வந்துவிட்டார்கள். மகள் வாசலிலேயே நின்றாள்.

நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். நம் எல்லோருடைய பசையும் தண்ணீரில் கரைகிற பசைதான். தப்பாக ஒட்டினதைத் திரும்ப எடுக்க முடிய வேண்டும் என்பதற்காகவே அதைப் பயன்படுத்துகிறோம். கழுத்தில் ஒரு சொட்டு வெந்நீர் வைப்போம். பிசின் என்றால் அசையாது. பூச்சி நனைந்தால் திரும்பக் காய்ந்துவிடும், ஒரு நஷ்டமும் இல்லை.

"அசையலன்னா?" என்றார்.

"கட்டுரையை அப்படியே போடலாம்னு எழுதறேன். நீங்க அமுக்கின என் இனம் அமுங்கினது சரிதான்னு என் கையாலயே எழுதித் தர்றேன்."

அந்தக் கடைசி வார்த்தைக்கு அவர் கண் விரிந்தது. ஆசை காட்டினேன், விழுந்துவிட்டார்.

"அப்பா, வேணாம்" என்றான் மாப்பிள்ளை. "இருக்கிறதே ஒண்ணுதான். அத்தை சொல்றாங்கன்னு எதுக்கு..."

"நீ சும்மா இரு. உன் பேரு வெச்ச பூச்சிடா இது. யாரும் நாளைக்கு வாயைத் திறக்கக் கூடாது. போய் வெந்நீர் கொண்டு வா."

அவன் நின்றான். பிறகு போனான். அவன் திரும்பி வருகிற வரைக்கும் என் மகள் வாசலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கையில் சிக்கின மனுஷனை விட எனக்கு மனசு வரவில்லை. அத்தனை வருஷ அடிக்குறிப்பு உள்ளே எரிந்துகொண்டிருந்தது.

வெந்நீர் வந்தது. மாப்பிள்ளை தூரிகையை எடுத்து, "நானே வெக்கிறேன்" என்றான். "கையை எடு" என்று சம்பந்தி வாங்கிக்கொண்டார். ஒரு கண்ணாடித் தட்டுக்கு மேலே அட்டையைப் பிடித்து, தூரிகை நுனியால் கழுத்தில் ஒரு சொட்டு வைத்தார். கை நடுங்கவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன், மனுஷனுக்கு நல்ல கை. நாங்கள் மாறி மாறிக் குனிந்து பார்த்தோம். முதலில் ஒன்றும் ஆகவில்லை. அவர் என்னைப் பார்த்துப் புன்னகைக்கக்கூட ஆரம்பித்துவிட்டார். இன்னொரு சொட்டு வைத்தார்.

வளையம் வெளுத்தது, இளகியது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நழுவித் தட்டில் விழுந்தது.

எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. "பாலம் இடிஞ்சிடுச்சு சம்பந்தி" என்றேன். "இக்னியூமன் உடம்புல பிராக்கன் தலை. துணைக்குடும்பமாம் துணைக்குடும்பம். இதை வேணும்னே ஒட்டினீங்களா, இல்ல கண்ணு தெரியாம ஒட்டினீங்களா?"

"நான் ஒட்டல" என்றார். குரல் உள்ளே போயிருந்தது.

"நான்தான் ஒட்டினேன்" என்றான் மாப்பிள்ளை.

அவன் யாரையும் பார்க்காமல் பேசினான். நிலையத்தில் பழைய பெட்டி ஒன்றைத் திறந்தபோது பேன் அரித்து இரண்டு தலைகள் கீழே கிடந்தன. எது எதனுடையது என்று பார்ப்பதற்குள் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. பெட்டியைப் பாழாக்கிவிட்டாய் என்று எல்லோர் முன்னாலும் கத்துவார் என்று பயந்து, கைக்கு வந்த தலையைக் கைக்கு வந்த உடம்பில் வைத்துவிட்டான். பசை காயட்டும், பிறகு பிரித்துச் சரியாக வைக்கலாம் என்று அதை மட்டும் தனியே எடுத்து ஓரமாக வைத்தான்.

"நீங்க வந்து அதைப் பாத்தீங்க" என்றான், இப்போது அப்பாவிடம். "ரொம்ப நேரம் பாத்தீங்க. நான் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள என் தோள்ல கையை வெச்சீங்க. 'இதைத் தனியா எடுத்து வெச்சிருக்கியே, நல்ல கண்ணுடா உனக்கு'ன்னீங்க. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து நீங்க அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லப்பா. அதுக்கப்புறம் எனக்கு வாயே வரல. தினமும் சொல்லணும்னு மேல வருவேன். நீங்க கூப்பிட்டுப் பக்கத்துல உக்காரச் சொல்வீங்க. உக்காந்துடுவேன்."

அவன் அழவில்லை. நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். என் மகள் உள்ளே வந்து அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் முன்பே தெரியும். வீட்டில் கேட்ட சிரிப்புச் சத்தம் எது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதி ஊரிலிருந்தே முடித்திருக்கலாம், அவன் பேரைத் தாங்கிய பூச்சியை அவன் கண் முன்னாலேயே பிய்த்திருக்க வேண்டாம்.

சம்பந்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஏதாவது சொல்லுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன், வாழ்க்கையில் முதல் தடவையாக. திட்டுங்கள், கத்துங்கள், இல்லை அந்தக் கையை மறுபடி அவன் தோளில் வையுங்கள். அவர் எதுவும் செய்யவில்லை. தட்டை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் நகர்த்தி, குனிந்து, ஒற்றைத் தலையைப் பார்த்தார். ஊசியால் மெதுவாக அதைத் திருப்பினார். உணர்கொம்புகளுக்கு நடுவில் நிற்கும் அந்தத் தகட்டைத்தான் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. இக்னியூமனில் வேண்டுமானால் அது பொய்யாக இருக்கலாம். ஆனால் அப்படி ஒரு தகடுள்ள பிராக்கனையும் இதுவரை யாரும் கண்டதில்லை.

நிமிராமலேயே கேட்டார்.

"இந்தத் தலையோட உடம்பு எங்கடா?"

மாப்பிள்ளை தன் அப்பாவின் பின்னந்தலையைப் பார்த்தபடி நின்றான். கல்யாணப் பேச்சின்போது சிரித்தானே, அதே சிரிப்பு அவன் முகத்துக்கு வந்தது.

என் மகள் மாமனாரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நீயும் அதைத்தானே கேக்கப்போற?" என்றாள். "கேட்டுடும்மா. எதுக்கு அடக்கிக்கிற?"

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பொய். தலை தட்டில் விழுந்த நொடியிலிருந்து அந்தக் கேள்வி என் நாக்கு நுனியில்தான் இருந்தது, சம்பந்தி முந்திக்கொண்டார், அவ்வளவுதான். அவர்கள் இருவரும் கைகோத்தபடி கீழே இறங்கிப் போனார்கள். நான் அவர்கள் பின்னால் போயிருக்க வேண்டும். சம்பந்தி மைக்ராஸ்கோப்பை விட்டு விலகி எனக்கு இடம் விட்டார். நான் உட்கார்ந்தேன்.